தடுத்த கை

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தானே? இங்கே எல்லோரும் நலம் என்று எழுத ஆசைதான். ஒரு கையைத் தவிர மற்றதெல்லாம் நலம். பதறாதே, இடது கைதான். போன வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன். எலும்பு முறிவு என்று மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். கூடப் பிறந்தவன் எலும்பு டாக்டர். கட்டுப் போடுவது மட்டும் ஊரார். அதுதான் அதிகமாக வலிக்கிறது.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போன் மணி அடித்தால் அப்பாவுக்கு அது பள்ளிக்கூட மணி. செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். அதனால் மணியை அமுக்கியே வைத்திருக்கிறோம். நீயும் எப்போது கூப்பிட்டாலும் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்றுகொண்டு இரண்டு வார்த்தைதான் பேசுவாய். கடிதம் என்றால் குறுக்கே பேச மாட்டாய்.

அப்பாவின் உடம்பு அப்படியேதான் இருக்கிறது. விளையாட்டு வாத்தியார் உடம்பு அல்லவா, எழுபத்தெட்டு வயதிலும் தோள் இறங்கவில்லை. நினைவுதான் நாளுக்கு நாள் இறங்குகிறது.

எனக்குத் தலை பின்னிவிடுவது இப்போது உன் அத்தான்தான். பஸ் ஓட்டுகிற கை, ஸ்டியரிங்கைத் திருப்புகிற மாதிரி பின்னலைத் திருப்புகிறார். கண்ணாடியில் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. எக்ஸ்ரே படத்தை உனக்கு அனுப்பியே ஆகவேண்டும் என்று அவர்தான் ஒற்றைக்காலில் நின்றார். இத்துடன் வைத்திருக்கிறேன்.

இங்குள்ள டாக்டர் ஒன்று கேட்டார். "வீட்டுல முதல்ல அட்டை வச்சுக் கட்டினது யாரும்மா? நர்ஸா? இவ்வளவு சரியா கட்டியிருக்காங்க" என்றார். சும்மா சிரித்துவிட்டு வந்தேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா


மார்ச் 13

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தையும் படத்தையும் பார்த்தேன். விளையாட்டாக எழுதியிருக்கிறாய். எலும்புக்கு விளையாட்டு தெரியாது. சொல்வதைக் கேள்.

உட்காரும்போது கையைத் தலையணை மேல் நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி வை. தொங்கவிட்டால் வீங்கும். விரல்களை அடிக்கடி மடக்கி நீட்டு. தோளையும் முழங்கையையும் சும்மா விடாதே. கட்டுக்குள் இருப்பது மட்டும்தான் ஓய்வெடுக்க வேண்டும், மற்ற மூட்டுகள் இறுகிப் போகக்கூடாது. அரிக்கிறது என்று பின்னல் ஊசியை உள்ளே விடாதே. உன்னை எனக்குத் தெரியும். விரல் மரத்துப் போனாலோ, நீலம் பாய்ந்தாலோ, கட்டு இறுக்கி உயிர் போகிற மாதிரி வலித்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு. எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டு உட்காராதே. யாராவது எண்ணெய் போட்டு நீவிவிடுகிறேன் என்று வந்தால் வாசலோடு அனுப்பிவிடு.

முக்கியமானது, பாரம் தூக்காதே. குடம், வாளி, மெத்தை எதையும். அப்பாவையும்தான். அவரை எழுப்பி உட்கார வைப்பது அத்தான் வேலையாக இருக்கட்டும்.

ஒரு சந்தேகம். நீ எப்படி விழுந்தாய்? வழுக்கி விழுகிறவர்கள் கையை ஊன்றுவார்கள், மணிக்கட்டு போகும். உன் மணிக்கட்டு பத்திரமாக இருக்கிறது. முன்கையில் இரண்டு எலும்புகள் உண்டு. சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மட்டும் நட்டநடுவில் உடைந்திருக்கிறது. விவரமாக எழுது.

அப்பாவுக்கு என் வணக்கம். என்னைக் கேட்கிறாரா?

தம்பி


மார்ச் 22

அன்புள்ள தம்பிக்கு,

வாளியின் விளிம்பில் விழுந்தேன். இரும்பு வாளி. போதுமா? போலீஸ்காரன் மாதிரி கேட்கிறாய்.

நீ சொன்னபடியே எல்லாம் செய்கிறேன். கையைத் தலையணையில் வைத்துக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறேன் என்று எழுதினால் நம்பவா போகிறாய்? உன் அத்தான் தொலைதூர வண்டிக்குப் போனால் மறுநாள்தான் திரும்புகிறார். அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஒரு அம்மாளை அமர்த்தினோம். இரண்டு நாளில் நின்றுவிட்டாள். அடுத்தவள் ஒரு நாள் கூட முழுதாக இருக்கவில்லை. பகலெல்லாம் குழந்தை மாதிரிதான் இருக்கிறார். பொழுது சாய்ந்தால்தான் வேறு ஆள். வீடு எங்கே, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு, யார் கதவைப் பூட்டினது என்று கூடத்துக்கும் வாசலுக்குமாக நடக்கிறார்.

கட்டு கொஞ்சம் நனைந்து ஊறிவிட்டது. அவரைக் குளிப்பாட்டும்போது பட்ட தண்ணீர். திட்டாதே. மாற்றிக் கட்டிவிட்டார்கள். புதிதாக எடுத்த படத்தையும் அனுப்புகிறேன். எலும்பு இன்னும் சேர ஆரம்பிக்கவில்லையாம்.

உன்னைக் கேட்கிறாரா என்று எழுதியிருந்தாய். பொய் சொல்ல மனசு வரவில்லை. அலமாரியில் உள்ள உன் பட்டமளிப்புப் படத்தைப் பார்த்து, "யாரு, இந்த வீட்டுக்காரங்க பையனா?" என்றார்.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

இதை எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து, இப்போது எழுதியே விடுகிறேன்.

உன் கையில் இருக்கிற முறிவை எங்கள் தொழிலில் பார்த்தவுடன் தெரியும். தலைக்கு மேல் ஒரு அடி இறங்கும்போது மனிதன் கையைக் குறுக்கே தூக்குகிறான். அந்த அடியை வாங்குவது இந்த எலும்புதான். இப்படிப்பட்ட கையோடு என்னிடம் பெண்கள் வருகிறார்கள். எல்லோரும் குளியலறையில்தான் விழுந்திருப்பார்கள். எல்லோர் வீட்டிலும் ஒரு வாளி இருக்கும். நான் கட்டுப் போட்டு, சுண்ணாம்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து, பாரம் தூக்காதீங்கம்மா என்று அனுப்பிவிடுவேன். அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வந்ததில்லை. உன்னிடமாவது கேட்கிறேன்.

அத்தானா?

தொலைதூர வண்டி ஓட்டுகிறவருக்கு உடம்பு அலுப்பு, வீட்டில் அப்பாவின் தொல்லை, எல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்காகக் கை ஓங்கலாமா? என் முகத்துக்காக மறைக்காதே. ஒரு வார்த்தை எழுது, வந்து உன்னையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன். நான் அவரோடு சண்டை போட மாட்டேன். சத்தியம். ஆனால் அவர் முகத்தில் என்னால் விழிக்க முடியும் என்று தோன்றவில்லை.

தம்பி


ஏப்ரல் 9

தம்பிக்கு,

உன் கடிதத்தை வாங்கி உறையைப் பிரித்து என் கையில் கொடுத்தவரே உன் அத்தான்தான். எனக்கு ஒரு கைதானே. நல்ல வேளை, அடுத்தவர் கடிதத்தைப் படிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

கரப்பான் பூச்சியைக் கூட அட்டையில் ஏந்தி வெளியே விட்டுவிட்டு வருகிற மனிதரைப் பற்றி இப்படி எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? இரண்டு நாள் உன் மேல் கோபமாக இருந்தேன். பிறகு உன் மேல் என்ன தப்பு என்று தோன்றியது. உண்மையைச் சொல்லாதவள் நான்.

அடித்தது அப்பா.

பொழுது சாயும் நேரம். வேட்டியை நனைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மாற்றலாம் என்று குனிந்தேன். யாரோ ஒரு பெண்பிள்ளை தன் வேட்டியை அவிழ்க்க வருகிறாள் என்று அவருக்கு வெட்கம், பயம். "யாருடி நீ? தள்ளிப் போ! என் பொண்ணு பக்கத்து ரூம்லதான் இருக்கா. அவ வந்தா உன்னைச் சும்மா விடமாட்டா" என்று கத்தினார். "நான்தாம்ப்பா அது" என்றேன். தடியை ஓங்கிவிட்டார். முழங்கால் வலிக்கு நீ வாங்கி அனுப்பிய தடி. அதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

கை எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. தரையில் உட்கார்ந்து அழுதேன். கொஞ்ச நேரத்தில் அவர் இறங்கி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முகமே மாறிவிட்டது. "விழுந்துட்டியாம்மா? கையை அசைக்காதே. அழாதே, மாஸ்டர் இருக்கேன்ல" என்றார். காலண்டர் அட்டையை உருவி, இரண்டாக மடித்து, கைக்கு அடியில் கொடுத்து, தன் துண்டால் கட்டினார். மைதானத்தில் எத்தனை பிள்ளைகளுக்குக் கட்டியிருப்பார்! விரல் நுனியை அமுக்கி ரத்தம் ஓடுகிறதா என்று பார்த்தார். "வீட்ல யாரு இருக்காங்க? அப்பாவைக் கூட்டிட்டு வரச் சொல்லு" என்றார்.

இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல? உன்னிடம் சொன்னால் எங்கேயாவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவாய் என்று பயம். உன் அத்தானுக்குத் தெரியும். தடியை அவர் ஒளித்து வைத்தார். தடி இல்லாமல் நடந்து அப்பா விழப் பார்த்தார். மறுபடி எடுத்துக் கொடுத்தோம்.

யார் மேல் தப்பு, சொல்லு.

அக்கா


ஏப்ரல் 15

அன்பு அக்காவுக்கு,

அத்தானிடம் நான் எழுதியதைச் சொல்லாதே. அல்லது சொல்லிவிடு, அவர் காலில் நானே விழுகிறேன்.

கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வார்டைச் சுற்றி வந்தேன். இரண்டு நோயாளிகள் என்ன சொன்னார்கள் என்றே தெரியவில்லை.

நீ பயந்ததைத்தான் நான் சொல்லப்போகிறேன். என் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் நினைவு தப்பிய முதியவர்களுக்கு ஒரு இல்லம் இருக்கிறது. சுத்தமான இடம். தினமும் நான் போய்ப் பார்ப்பேன். என் வீட்டில் வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் காலையில் போகிற நான் இருட்டித்தான் திரும்புகிறேன், பூட்டிவிட்டுப் போக முடியுமா? நீ அனுப்பிய இரண்டாவது படத்தில் எலும்பு சேரும் அறிகுறியே இல்லை. அவரைத் தூக்குகிற வரைக்கும் சேராது. அடுத்த முறை நீ கையைத் தூக்கத் தாமதமானால் அந்த அடி தலையில் விழும். டாக்டராகச் சொல்கிறேன். தம்பியாகச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இத்தனை வருஷம் அவரைப் பார்த்துக்கொண்டது நீ.

மாதக் கடைசியில் கார் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

தம்பி


மே 6

அன்புள்ள தம்பிக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று அத்தான் சொன்னார். உங்களை அனுப்பிவிட்டு வந்து கூடத்தைப் பெருக்கினேன். பெருக்க ஒன்றும் இல்லை.

காரில் நீ முன்னால் பெட்டியை வைத்துக்கொண்டிருந்தாய், உனக்குக் கேட்டிருக்காது. நான் குனிந்து அப்பாவுக்குச் செருப்பு மாட்டினேன். தலையில் கை வைத்தார். ஓங்கத்தான் போகிறார் என்று தலையைச் சுருக்கிக்கொண்டேன், அவ்வளவு பழகிவிட்டது. அவர் என் தலையைத் தடவினார். "என்னை ரொம்ப நல்லாப் பாத்துக்கிட்டேம்மா. என் பொண்ணு வந்து கேட்டா, அப்பா ஸ்கூலுக்குப் போயிட்டார்னு சொல்லிடு. தேடுவா" என்றார்.

சரிங்க என்றேன்.

ராத்திரி உன் அத்தான், "இனிமே நிம்மதியாத் தூங்கு" என்றார். அவரும் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை.

இல்லத்தில் அவரைக் குளிப்பாட்டுவது யார்? ஆம்பிள்ளைதானே? பெண்பிள்ளை என்றால் கூசுவார் என்று சொல்லிவை. தண்ணீரை முதலில் காலில் ஊற்றச் சொல், எடுத்த எடுப்பில் தலையில் ஊற்றினால் பயந்துவிடுவார். சட்டையின் மேல் பொத்தானையும் போட்டால்தான் அவருக்குத் திருப்தி.

நீ சொன்னது சரிதான், எலும்பு இப்போது சேருகிறதாம். உன் வாய் பலித்ததற்கு என்னால் சந்தோஷப்பட முடியவில்லை.

அக்கா


மே 28

அன்பு அக்காவுக்கு,

அப்பா விழுந்ததைப் போனில் சொன்னதும் வைத்துவிட்டாய். மறுபடி கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

போன மாதக் கடைசியில் நான் சேர்த்த இரண்டாம் நாளே இல்லத்தில் ஒன்று கேட்டார்கள். "சாயங்காலம் எழுந்து எழுந்து போறார் சார், கட்டிலோட லேசாக் கட்டிக்கலாமா?" என்றார்கள். என் அப்பாவைக் கட்டிப் போடுவதா என்று சத்தம் போட்டேன். அவர்கள் கட்டவில்லை. ஒரு கூடத்துக்கு இரண்டே பணியாளர்கள். அன்று ஒருவர் பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு வாந்தி துடைத்துக்கொண்டிருந்தார். அப்பா இறங்கி நடந்து விழுந்திருக்கிறார். யாரையும் நான் திட்டவில்லை. திட்ட ஆள் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இடுப்பு மூட்டுக்குக் கீழே, தொடை எலும்பின் கழுத்து முறிந்துவிட்டது. வாரத்தில் பாதி நாள் நான் செய்கிற ஆபரேஷன் அது. எலும்பின் பந்து போன்ற தலையை எடுத்துவிட்டு உலோகப் பந்தை வைத்து மறுநாளே எழுப்பி நிறுத்திவிடுவோம். அப்பாவுக்கு முடியவில்லை. இதயம் தாங்காது என்று மயக்க மருந்து டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "உங்க அப்பாங்கிறதால சொல்றேன் சார், மேஜையிலேயே போயிடுவார்" என்றார். இன்னும் இரண்டு பேரிடம் கேட்டேன். அவர்களும் அதையேதான் சொன்னார்கள். நான் கற்ற தொழில் இதுதான், அது அவருக்கு உதவவில்லை.

இனி அவர் எழுந்து நடக்க மாட்டார். இப்படிப் படுத்துவிட்டவர்களுக்கு முதுகில் புண் வரும், நெஞ்சில் சளி கட்டும். எத்தனை நாள் என்று மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். உனக்குச் சொல்ல வரவில்லை. இங்கே ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறேன். வலிக்கு மருந்து போகிறது.

நீ வேண்டாம் வேண்டாம் என்றபோது நான்தான் கூட்டி வந்தேன். ஏதாவது எழுது. திட்டியாவது எழுது.

தம்பி


ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

உன்னைத் திட்டுவதற்கு ஒன்றும் இல்லை. நானும் சம்மதித்துத்தானே செருப்பு மாட்டிவிட்டேன்.

அப்பாவை வீட்டுக்கு அனுப்பிவை. ஆம்புலன்சில் படுக்க வைத்தே கொண்டுவரலாமாம், அத்தான் விசாரித்துவிட்டார். வண்டியில் கூட வரவும் அவரே கிளம்புகிறார். நீ வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. கூடத்தில் ஜன்னலோரமாகக் கட்டிலைப் போட்டாயிற்று. படுக்கைப்புண் வராமல் இருக்கக் காற்று மெத்தை ஒன்று வாங்கி வந்திருக்கிறோம்.

ஒன்றை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். இனி அவர் எழுந்து நடக்க மாட்டார் என்ற வரியைப் படித்ததும் எனக்கு முதலில் அழுகை வரவில்லை. அப்படியானால் நம் வீட்டிலேயே இருக்கலாமே என்றுதான் தோன்றியது. இனி வாசலுக்குப் போக மாட்டார், தடி வேண்டாம், நான் பயப்படாமல் பக்கத்தில் உட்காரலாம். அது தோன்றிய பிறகுதான் அழுதேன். அப்பாவின் எலும்பு உடைந்ததில் ஒரு நல்லதைக் கண்டுபிடித்த மகள் நானாகத்தான் இருப்பேன். உன் அத்தானிடம் கூட இதைச் சொல்லவில்லை.

எனக்குக் கட்டைப் பிரித்துவிட்டார்கள். உள்ளங்கை முழுசாக மேலே திரும்பவில்லை, பாதியில் நின்றுவிடுகிறது. அதற்கு என்ன பயிற்சி என்று இப்போது கேட்கவில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அவருக்கு வலிக்காமல் எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது? எந்தப் பக்கம் முதலில் பிடிக்க வேண்டும், காலை எங்கே தாங்க வேண்டும், ஒரு கை சரியில்லாதவள் எப்படிச் செய்வது, இதை மட்டும் விவரமாக எழுது. இந்தத் தடவை நீ சொன்னபடியே செய்வேன்.

அக்கா