மரத்துப்போனது தையல் மட்டும்தான்

என்னை மிரட்டுற மகராசிக்கு,

நீ போன்ல கத்தினது இன்னும் காதுல இரையுது. "பெத்தவ வலியைத் தாங்கணும், மரத்துப்போற மருந்தெல்லாம் வேண்டாம்னு சொல்லுங்க"ன்னு உத்தரவு போட்டே. நான் சொல்லலை. பல்லு பிடுங்கினப்ப, ஊசி போட்டாத்தான் வாயைத் திறப்பேன்னு அடம் பிடிச்சவ நீதானே!

நான் சுகம். கம்பெனி கேட்டுல காவலுக்கு வேற ஆளை நிக்க வச்சுட்டு, நம்ம மக கட்டில் பக்கத்துல காவல் இருக்கேன். வயித்தைக் கீறி நம்ம பேத்தியை எடுத்த டாக்டரம்மா, தையலுக்கு அடியில நூல் மாதிரி ஒரு குழாய் வச்சிருக்காங்க. அது வழியா போற மருந்து அந்த இடத்தை மட்டும்தான் மரக்க வைக்குது. பாலும் குடுக்கலாமாம். என்ன மூளை அந்தம்மாவுக்கு! நேத்து இருமவே பயந்த நம்ம மக, இன்னிக்கு என் ஜோக்குக்குச் சிரிக்கிறா. எழுந்து நடக்கத்தான் இன்னும் பயம்.

உன் பழைய நூல் புடவை ரெண்டு அனுப்பு. ஒண்ணு பேத்திக்கு விரிக்க, இன்னொண்ணு நான் போத்திக்க. சிரிக்காதே.

இதை அவளுக்கு வாசிச்சுக் காட்டிக்கிட்டேதான் எழுதறேன். "அம்மாவை ரொம்ப வாராதீங்கப்பா"ங்கிறா. தொட்டில்ல பிள்ளை சிணுங்குது, இவ எழப் பாக்குறா. "இரும்மா, லெட்டரை இன்னும் முடிக்கலை"ங்கிறேன். எங்க கேக்குறா? கட்டிலைப் பிடிச்சு எழுந்துட்டா. அடியே, தானா நடந்து போறாடி!