கீறிப் பார்க்காத கொடி

மச்சான்,

இன்று காலை வாய்க்கால் ஓரத்து மண்ணைக் கிளறியபோது அழுகிய வெற்றிலை வேரின் நாற்றம் மூக்கில் ஏறியது. உடனே உம் ஞாபகம்தான் வந்தது. செத்தவரை நினைக்க எத்தனையோ நல்ல வாசனை உண்டு. உமக்கு இதுதான் வாய்த்திருக்கிறது.

ஜெர்மன் சண்டை தொடங்கிய வருஷம் நான் புதிதாக வெற்றிலைக் கொடிக்கால் போட்டேன். உம் தங்கையின் நகையெல்லாம் அந்த மண்ணுக்குள்தான் போயிருந்தது. ஆழ்வார்திருநகரியிலிருந்து விதைக்கொடிகளை ஈரச் சாக்கில் சுற்றி, வண்டியில் கொண்டுவந்து இறக்கினீர்.

"எங்க தோட்டத்துக் கொடியாக்கும். கண்ண மூடிக்கிட்டு ஊனும்வே, மாப்ளே!"

வெளியாளிடம் வாங்கியிருந்தால் தண்டைக் கத்தியால் கீறி, உள்ளே பழுப்பு ஓடியிருக்கிறதா என்று பார்த்திருப்பேன். சம்பந்தக்காரர் கொடுத்த கொடியைக் கீறினால் அவர் முகத்தைக் கீறியது போல என்பது நம்மவர் வழக்கம். கண்ணை மூடிக்கொண்டே ஊன்றினேன்.

ஐப்பசி மழையில் இலைகள் மினுமினுப்பை இழந்தன. பிறகு மஞ்சளித்து, கொடி கொடியாகத் தொங்கின. தூரைத் தொட்டால் தோல் கையோடு வழுகி வந்தது. விவசாய இலாகாக்காரர் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து ஊற்றச் சொன்னார். வாடியதைப் பிடுங்கி எரித்து, அந்தப் பாத்தித் தண்ணீர் அடுத்த பாத்திக்குப் போகாமல் மறிக்கச் சொன்னார். எல்லாம் செய்தேன். கடைசியில் பச்சையாக நின்றதையும் சேர்த்தே கொளுத்த வேண்டியதாயிற்று.

உம் தங்கை அழவில்லை. "எங்க அண்ணன் தெரிஞ்சா குடுத்திருப்பாவ?" என்று மட்டும் கேட்டாள்.

அதைக் கேட்கத்தான் உம் தோட்டத்துக்கு வந்தேன். தாழ்ந்த பாத்திகளில் வெற்றிலை இல்லை. வாழை நெஞ்சளவு வளர்ந்து நின்றது.

"இங்கன நின்ன கொடிய எப்பம்வே பிடுங்குனீரு?"

"உமக்குக் கொண்டாரதுக்கு முந்தியே."

"அழுகலா?"

"ஆமா."

"பொறவு ஏம்வே குடுத்தீரு?"

"தங்கச்சிக்குக் கொடி தாரேன்னு நாலு பேரு முன்னால சொல்லிட்டேம்லா. வெறுங்கையோட வந்து நிக்கச் சொல்லுதீரா? உமக்குத் தந்த மேட்டுப் பாத்திக் கொடி பச்சையாத்தான இருந்துச்சு."

இதையும் சொல்லிவிட்டு, "ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போம்வே" என்றீரே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. உம் சாவுக்கு வந்தேன், மாலை போட்டேன்; கண்ணீர் வரவில்லை. நீர் சொன்னதை உம் தங்கையிடம் இன்றுவரை சொல்லவுமில்லை. அண்ணன் தெரியாமல் கொடுத்தார் என்று நம்பிக்கொண்டே இருக்கட்டும்.

போன மாதம் என் மருமகன் விதைக்கொடி கொண்டுவந்தார். நல்ல பிள்ளை. அவர் எதிரிலேயே கத்தியை எடுத்து ஒவ்வொன்றாகக் கீறினேன். உள்ளே ஒரு குற்றமும் இல்லை. அவர் முகம் சுண்டிப்போயிற்று. கொடிகளை அள்ளி வண்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மகள் அதற்குப் பிறகு இங்கே வரவில்லை. நாளைக்கு அவளே கொடி கொண்டுவந்தாலும் நான் கீறத்தான் செய்வேன், மச்சான்.