உனக்கு மட்டும் காட்டிய கை

கொக்கட்டிச்சோலை
12.03.2025

அன்பு மகன் நிதுர்ஷனுக்கு அம்மா எழுதுவது. இங்கு நான் இடப்பக்கம் முழுச் சுகம், வலப்பக்கம் அரைச் சுகம். சூரிச்சில் நீயும் மருமகளும் பிள்ளையும் எல்லாப் பக்கமும் சுகமாக இருக்கத் தாந்தோன்றீஸ்வரர் துணை. இடக்கையால் எழுதுகிறேன், எழுத்து சரிந்திருக்கும், பொறுமையாக வாசி.

எங்கள் வயல் வட்டையில் வெள்ளாமை வெட்டி முடிந்துவிட்டது. உன் சித்தி மகள் யசோதினி என்னை நன்றாகப் பார்க்கிறாள், அவளைக் குறை சொல்லாதே, நான் கைப்பயிற்சி செய்யும் வீடியோவை எடுத்தது அவள் என்றாலும் நீ கேட்டாய் என்று எடுக்கச் சொன்னது நான். பாரிசவாதம் வந்த கைக்கு வேலை வரவேண்டுமென்றால் நல்ல கையை உதவிக்கு விடக்கூடாது என்று பயிற்சி தரும் மிஸ் என் இடக்கைக்குத் தடித்த உறை போட்டுக் கட்டிவிடுவார். மூன்று மணித்தியாலம் வலக்கையால்தான் எல்லாம். கிண்ணத்துப் புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுத்த கிண்ணத்தில் போட வேண்டும். அன்றைக்கு ஒன்பதாவது கொட்டை விழுந்து உருண்டது, கடைவாயால் எச்சில் வடிந்தது, சின்னப் பிள்ளை போல அழுதேன். இது உனக்கு மட்டும் என்று சொல்லித்தான் அனுப்பினேன். ஓம் அம்மா என்றாய். மூன்றாம் நாள் மீன்காரர் தராசைக் கீழே வைக்காமலே, பேஸ்புக்கில் பார்த்தேன் டீச்சர், கவலைப்படாதீங்க என்றார். பாட்டும் சேர்த்துப் போட்டிருந்தாயாம். பாசத்தில் செய்தது என்கிறாள் மருமகள், இருக்கலாம். ஆனால் மகன், முப்பத்தொரு வருடம் படிப்பித்தேன், ஒரு பிள்ளை பிழையாக எழுதிய கொப்பியை வகுப்புக்குத் தூக்கிக் காட்டியதில்லை. என்னை நம்பித்தானே அது கொப்பியைத் தந்தது. நீயும் என் வகுப்பில் இருந்தவன், உனக்குத் தெரியும்.

பிறகு ஐந்து நாள் நான் பயிற்சிக்குப் போகவில்லை. விரல்கள் திரும்பவும் மடங்கி இறுகத் தொடங்கின. ஆறாம் நாள் காத்தான்குடியிலிருந்து முனாப் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து வந்தான். முதலாம் வகுப்பில் இடக்கையால் எழுதுகிறான் என்று நான் கையைக் கட்டிவைத்த பிள்ளை. அவனும் வீடியோவைப் பார்த்திருந்தான், ஆனால் மற்றவர்களைப் போல உச்சுக் கொட்டவில்லை. "அண்டைக்கு என்ட இடக்கையக் கட்டினீங்க, இண்டைக்கு உங்கட இடக்கையக் கட்டிட்டாங்க. நான் அழுதழுது எழுதினன், நீங்க விடல்லியே டீச்சர்" என்றான். மன்னிப்புக் கேட்டேன். சிரித்துவிட்டு, இப்போதும் இடக்கையால்தான் எழுதுகிறேன் என்றான். அடுத்த நாள் பயிற்சிக்குப் போனேன்.

பேஸ்புக்கிலிருந்து வீடியோவை எடுத்துவிட்டாய் என்று அறிந்தேன். பார்த்தவர்களின் கண்ணிலிருந்து எப்படி எடுப்பாய்? குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. பிள்ளைக்குத் தமிழ் எழுதக் காட்டு, இடக்கையால் எழுதினால் எழுதட்டும். நீங்கள் மூவரும் நன்றாக இருக்க வேண்டும், என் மனத்தாங்கல் அதைத் தொடாது.

ஒன்றை நினைவில் வை. போன செவ்வாய்க்கிழமை வலக்கையால் என் பெயரை முழுதாக எழுதினேன். மிஸ்ஸும் யசோதினியும் பார்த்தார்கள். அந்தக் கையெழுத்தை இதில் போடவில்லை, தாளையும் படம் எடுக்கலாம். பார்க்க வேண்டுமென்றால் வந்து பார்.

இப்படிக்கு, இடக்கையால்,
அம்மா புஸ்பம்