டைமர் போட்டுவிட்டு ஓடிவருகிறவன்

அன்பு மகன் ஷாகிருக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா ராபியா சொல்லச் சொல்ல உன் தங்கை மெஹக் எழுதுகிறாள். அல்லாஹ் கிருபையில் தாராவியில் நாங்கள் சுகம், மஸ்கட்டில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் எந்நேரமும் நினைப்பு. (அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் தங்கச்சி என் சரக்கு, காக்கா. உம்மாவுக்குத் தெரியாது.)

எனக்கு மொபைலே போதும், அந்தச் சின்னக் கேமராவை விற்றுவிடுங்கள் என்று போனில் சொன்னாய் அல்லவா, வாப்பா அதைத் தான் தைத்த தோல் உறையோடு மாட்டுங்காவில் பழைய கேமரா வாங்கும் நகுல் கடைக்குக் கொண்டுபோனார். சும்மா கொடுத்தாலும் வாங்கமாட்டான் என்றிருந்தோம். அவனோ, சாச்சா, சாதா குட்டிக் கேமராவையெல்லாம் மொபைல் முழுங்கிடுச்சு, கல்யாணத்துக்குப் பெரிய கேமரா இருக்கு, நடுவுல இது ஒண்ணுதான் தப்பிச்சுது, பாக்கெட்டுல அடங்கும் ஆனா உள்ள சென்சார் பெரிசு, படம் அவ்வளவு தெளிவா விழும், கம்பெனியே இப்ப இதைச் செய்யறதில்ல, காலேஜ் பசங்க தேடி அலையறாங்க, விலை இன்னும் ஏறும், பக்கா, என்றானாம். (அதைக் கேட்டு வாப்பாவுக்கு உற்சாகம் ஏறி, விலையை மட்டும் கேட்டுக்கொண்டு கேமராவோடு பஸ் ஏறாமலே நடந்து வந்துவிட்டார்.)

கொடுக்குமுன் ஒரு படம் எடுப்போமென்று பெருநாளன்று மெஹக் அதை ஃப்ரிட்ஜ் மேல் வைத்து டைமர் போட்டாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு நீ வராத பெருநாள். (பெருநாளுக்கு வராமலே பெரிய ஆள் ஆகிவிட்டாய்.) சிவப்பு விளக்கு மினுக்கியதும் நான் பழக்கத்தில் இந்தப் பக்கம் நகர்ந்தேன், வாப்பா அந்தப் பக்கம் நகர்ந்தார், நீதானே எப்போதும் பட்டனை அமுக்கிவிட்டு ஓடிவந்து எங்கள் நடுவில் மூச்சுவாங்க நிற்பாய். மெஹக் ஓடிவந்து தன் இடத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். படத்தில் எங்கள் நடுவே ஓர் ஆள் அகலத்துக்கு வெறும் சுவர் தெரிகிறது. (அங்கே உன் பாஸ்போர்ட் போட்டோவை ஒட்டப் போனேன், உம்மா கரண்டியைத் தூக்கினாள். சென்சார் பெரிசுதான் காக்கா, நீ இல்லாதது அவ்வளவு தெளிவாக விழுந்திருக்கிறது.) வாப்பா பார்த்துவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டார். மறுநாள் நகுல் ஆளனுப்பினான், நான் கொடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு மறந்துவிடுவாய், அதனால் பிரிண்ட் போட்டு இந்தக் கடிதத்தோடு மஸ்கட் திரும்பும் சுனாபட்டி ஜமால் கையில் கொடுத்தனுப்புகிறேன். விற்கத்தான் வேண்டுமென்றால் லீவு கேட்டுக்கொண்டு நீயே வந்து விற்றுவிட்டுப் போ. அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை பட்டனை அமுக்கிவிட்டு ஓடிவா.

வெயிலில் தலையில் துணியில்லாமல் நிற்காதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். ஜமால் தரும் அல்வாவை அறையில் எல்லோருக்கும் பங்கு வை.

துஆவுடன்,
உன் உம்மா ராபியா

(உம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் கேமரா பேட்டரிக்குச் சார்ஜ் போடச் சொல்கிறாள், காக்கா. நீ எந்த நேரம் வந்து நின்றாலும் அது தயாராக இருக்க வேண்டுமாம்.)