நீ ஓடினாய், நான் பேருந்தில் வந்தேன்

இன்று காலை பழைய ரயில் நிலையத்தில் என் மகள் கவியை வழியனுப்பினேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆசிரியையோடு செங்கல்பட்டுக்குப் போட்டிக்குப் போகிறார்கள். வண்டி வந்து நின்றதும் சூடான இரும்பு வாடை அடித்தது. உன்னிடம் பேச வேண்டும் போலிருந்தது.

அன்றும் இதே நடைமேடைதான். கவிக்கு ஆறு வயது. தோழிகள் நாம் இருவரும் சேர்ந்து நடத்திய தையல் கடையில் வேலை பார்த்த பெண்ணுக்கு வாலாஜாபாத்தில் கல்யாணம். நீ டிக்கெட் வரிசையில் நின்றிருந்தாய். நான் கவியை ஜன்னலோரம் உட்காரவைத்து, பையையும் பக்கத்தில் வைத்துவிட்டு, "சீக்கிரம் வா" என்று உன்னைக் கூப்பிடக் கீழே இறங்கினேன். அவ்வளவுதான். வண்டி நகர்ந்துவிட்டது. ஜன்னலில் கவியின் முகம் தெரிந்தது. அவள் அழக்கூட இல்லை.

என் போன் பையில் இருந்தது. நீ உன் போனிலிருந்து அடித்தாய். "ரிங் போவுது, யாரும் எடுக்கல" என்றாய். அடுத்த நிறுத்தம் காஞ்சிபுரம் கிழக்கு, பக்கம்தான்; அங்கே யாராவது அவளை இறக்கிவிட்டால்தான் உண்டு. முகூர்த்த நாள் என்பதால் வாசலில் ஒரு ஆட்டோகூட இல்லை. டவுன் பஸ் ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது.

"நீ பஸ்ல ஏறு. நான் ஓடுறேன். யாரு முன்னாடி போனாலும் புள்ளைய புடிச்சிக்கலாம்" என்று என்னைப் படியில் ஏற்றிவிட்டாய்.

பட்டுக்கடைகளுக்கு வந்த வெளியூர் வேன்கள் தெருவை அடைத்து நின்றன. பஸ் நகரவில்லை. இறங்கிவிடுகிறேன் என்று கத்தினேன். "எறங்கி இன்னாம்மா பண்ணப் போற? தோ, வண்டி வுட்டுடுவாங்க" என்றார் நடத்துநர். அப்போது ஜன்னலுக்கு வெளியே நீ போனாய். புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாய். செருப்பு கையில் இருந்தது. பஸ்ஸைத் திரும்பிப் பார்க்கவில்லை. பெற்றவள் உட்கார்ந்திருக்கிறாள், இவள் ஓடுகிறாளே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் இறங்கவில்லை. கால் வரவில்லை.

யாராவது அவளை இறக்கிவிட்டிருப்பார்களா? வேறு யாராவது கூட்டிக்கொண்டு போயிருப்பார்களா? வழியெல்லாம் இதே நினைப்புதான்.

நான் போய்ச் சேர்ந்தபோது நடைமேடையில் நீ தரையில் உட்கார்ந்திருந்தாய். மடியில் கவி. அவளை வண்டியிலிருந்து இறக்கிய கீரைக்காரம்மா உனக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். உன் உதடு வெளுத்திருந்தது. மூச்சிரைப்பு அடங்கவே இல்லை. நான் அழுததும், "நீயும் ஓடியாந்திருந்தா நடுவுல உழுந்து கெடந்திருப்ப. ஒருத்தி ஒக்காந்துக்கினுதாம்மா வரணும்" என்றாய். பிறகு சிரித்தாய். கல்யாணத்துக்கும் போனோம்.

ஐந்து வருடம் கழித்து நீ இறந்தபோதுதான் உன் அண்ணன் சொன்னார். "சின்ன வயசுலயே இதயத்துல கோளாறும்மா. ஓடவே கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க."

தினமும் பக்கத்தில் உட்கார்ந்து தைத்தவள் நான். எனக்கு நீ சொல்லவே இல்லை. மாடிப்படியில் நின்று நின்று ஏறுவாய். உடம்பு கனம் என்று கேலி செய்திருக்கிறேன்.

"அன்னிக்கு ஓடினதாலயாண்ணா?" என்று கேட்டேன்.

"நானும் டாக்டர கேட்டேம்மா. அதுக்கும் இதுக்கும் சம்மந்தமில்லன்னுட்டாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பஸ்ஸ முந்திட்டேன், பஸ்ஸ முந்திட்டேன்னு பத்து நாளு சொல்லிக்கினே இருந்துச்சு."

டாக்டர் சொன்னதை நம்பத்தான் பார்க்கிறேன். சில நாள் முடிகிறது. சில நாள் தையல் மிஷினில் கால் வைத்ததும் உன் வெளுத்த உதடு கண்ணில் வந்து நிற்கிறது, மிதிக்க முடிவதில்லை.

கவி உன்னைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பாள். அத்தை உனக்காக ஓடி வந்தாள் என்று சொல்லியிருக்கிறேன். ஓடக்கூடாதவள் ஓடி வந்தாள் என்பதை இன்னும் சொல்லவில்லை.