ராசுவுக்கும் ஒரு சப்பரம்

ஜூலை 28, திங்கள்

காலையிலேயே புழுக்கம். குடமுருட்டி ஆற்றில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர். கடையில் ஆடித் தள்ளுபடிக் கூட்டம். பில் போட்டுப் போட்டு மணிக்கட்டு வீங்கிவிட்டது. சூப்பர்வைசர்: "உட்காராதீங்க மேடம், கஸ்டமர் பார்க்குறாங்க." பிறகு நாற்காலி எதற்காம், கொலு வைக்கவா?

வீட்டுக்கு வந்தால் கூடம் முழுக்க மூங்கில் சிம்பு, பசை, கலர் பேப்பர். மாமாவும் யாழினியும் ஆடிப்பெருக்குக்கு இழுத்துப்போகச் சப்பரம் செய்கிறார்கள். சிவப்புத் தாளா மஞ்சளா என்று சண்டை. மாமாவுக்கு எண்பது, இவளுக்கு எட்டு. யார் சின்னப்பிள்ளை என்று தெரியவில்லை. ஸ்கூல் விட்டதிலிருந்து நான் வரும்வரை மாமா பார்த்துக்கொள்வதால்தான் நான் வேலைக்கே போக முடிகிறது. இவர் குவைத்திலிருந்து போன் பண்ணும்போதெல்லாம் "அப்பா இருக்காரு" என்று அதைச் சொல்வார், என்னவோ தான் கண்டுபிடித்த மாதிரி.

இரண்டு சப்பரம் செய்கிறார்கள். ஒன்று உடைந்தால் இன்னொன்று போல.

ஜூலை 29, செவ்வாய்

இருப்பது மூன்று பேர். யாழினி நான்கு தட்டு வைத்தாள்.

"யாருக்குடி?"

"ராசுவுக்கு."

மாமா நிமிரவே இல்லை. ராசு மாமாவின் தம்பி. சின்ன வயதில் வாய்க்காலில் போய்விட்டான் என்று, அத்தைதான், உயிரோடு இருந்தபோது, ஒரு தடவை சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் இந்த வீட்டில் யாரும் பேசிக் கேட்டதில்லை. தட்டை எடுத்து உள்ளே வைத்தேன். யாழினி பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 30, புதன்

தூறல். கொல்லையிலிருந்து கூடம் வரை ஈரக் காலடி. சின்னப் பாதம்.

"காலைத் துடைச்சுட்டு வரக்கூடாதா?" என்று கத்திக்கொண்டே போனேன். யாழினி கட்டிலில் குப்புறப் படுத்து ஹோம்வொர்க். காலைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

துணி போட்டுத் துடைத்தேன். பூனையாக இருக்கும். பூனைக்கு ஏது அந்த விரல்?

பயமாக இருக்கிறது. எழுதினால் குறையும் என்று எழுதுகிறேன். குறையவில்லை.

முடிவு: திங்கள் முதல் ஸ்கூல் விட்டதும் இவள் நேரே டியூஷன். வரும்போது நானே கூட்டிவந்துவிடுவேன். பெரியவர் மனதில் கிடப்பதையெல்லாம் பிள்ளை தலையில் இறக்கினால் அது என்னத்துக்கு ஆகும்? மாமாவிடம் சொன்னேன். "சரிம்மா" என்றார். கொஞ்சம் கழித்து, "பெருக்கு கழிச்சுத்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

வாங்க: காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு, காப்பரிசிக்குப் பச்சரிசி, வெல்லம். மாமாவுக்கு பிபி மாத்திரை.

ஞாயிறு லீவு கிடையாதாம். மதியம் வரை பர்மிஷன். பெரிய மனசு.

காலையில் கிளம்பும்போது பக்கத்து வீட்டு மல்லிகாவின் மகள் வாசலில் நின்று சப்பரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு இருக்கிறதே என்று ஒன்றைத் தூக்கிக் கொடுத்தேன். அதன் முகத்தைப் பார்க்கணுமே. எனக்கும் பஸ் ஏறும்வரை நல்ல காரியம் செய்த நினைப்பு.

சாயங்காலம் வந்தால் மாமா சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். சாப்பிட வரவில்லை. யாழினி என்னோடு பேசவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

காபி ஆடை கட்டி அப்படியே இருக்கிறது. மாத்திரை மட்டும் போட வைத்தேன்.

தலை பின்னும்போது யாழினி கேட்டாள். "ராசு சப்பரத்தை ஏம்மா குடுத்த?"

பிறகு அவளே சொன்னாள். தாத்தாவுக்கு அப்போது எட்டு வயதாம். பெருக்கு அன்று சப்பரத்தை இழுத்துக்கொண்டு ஆற்றுக்கு ஓடியிருக்கிறார். ராசுவுக்குச் சப்பரம் இல்லை. அண்ணே நில்லு, அண்ணே நில்லு என்று பின்னாலேயே வந்திருக்கிறான். முதல் ஆளாகப் போகவேண்டும் என்று இவர் நிற்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது வாய்க்கால் கரையில் யாரும் இல்லை.

"அவன் கூப்பிட்டத தாத்தா யார்கிட்டயும் சொல்லலியாம். பாட்டிகிட்டகூட."

"ஒங்கிட்ட ஏண்டி சொன்னாரு?"

"எனக்கும் எட்டு வயசுதானேம்மா. அவன் இன்னும் கூப்பிடுறானாம். சாயங்காலம் நான் கூட இருந்தா மட்டும் கூப்பிட மாட்டானாம்."

ஜடை பாதியில் நின்றுவிட்டது. அந்தச் சாயங்காலத்தைத்தான் டியூஷனுக்குக் கொடுக்க இருந்தேன்.

கடையில் இரண்டு பில் தப்பாகப் போட்டேன். திட்டு. திரும்பியதும் நேரே மல்லிகா வீடு. கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதைப் போல மானக்கேடு வேறில்லை. பிள்ளைக்கு வேறு வாங்கித் தருகிறேன் என்றேன். மல்லிகா ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. "எடுத்துட்டுப் போங்கக்கா. ஒரு சக்கரந்தான் காணோம்."

பருப்பு டப்பா மூடியில் ஓட்டை போட்டுச் சக்கரமாக மாட்டினேன். மாமாவின் கட்டிலோரம் வைத்தேன். கையை நீட்டி மூடியைச் சுற்றிப் பார்த்தார். எழுந்து ரசம் சோறு கேட்டார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. பெருக்கு.

நல்ல வெயில். வாய்க்கால் கரையோடு ஊரே போகிறது. யாழினி கையில் ஒரு சப்பரம், மாமா கையில் மற்றது. மூடிச் சக்கரம் லொடக் லொடக். பிள்ளைகள் எல்லாம் ஓடுகிறார்கள். இவளும் கொஞ்ச தூரம் ஓடினாள். வளைவில் டக்கென்று நின்றாள்.

"தாத்தா, நில்லுங்க. அவன் மெதுவாத்தான் வருவான்."

மாமா நின்றார். நானும் நின்றேன். கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

"என்னக்கா, நின்னுட்டீங்க?" மல்லிகா.

"ஒரு ஆள் வரணும்" என்றேன்.

மாமா திரும்பி, காலிப் பாதையைப் பார்த்துச் சொன்னார். "வாடா. நிக்கிறேன்."

எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. பிறகு மாமா தானாகவே நடந்தார். படித்துறையில் இறங்க விடவில்லை, போலீஸ் கயிறு கட்டியிருந்தது. மேலிருந்தே கும்பிட்டோம். மாமா கையில் ஒரு மஞ்சள் கயிறு, இவள் கையில் ஒன்று. மூடிச் சக்கரச் சப்பரத்துக்கும் ஒன்று கட்டினேன். மாமா என்னைப் பார்த்தார். அழுகை வந்துவிட்டது எனக்கு.

டியூஷன் மிஸ்ஸுக்கு போன் பண்ணி வேண்டாம் என்று சொல்லியாயிற்று.

கடையிலிருந்து வந்தேன். மாமா அசந்து தூங்குகிறார், வாயைத் திறந்துகொண்டு. யாழினி தட்டு வைத்தாள். மூன்று.

"ராசு?"

"போய்ட்டாம்மா."

தண்ணீர் எடுக்க எழுந்தேன். கூடத்திலிருந்து கொல்லை வரை ஈரக் காலடி. விரலெல்லாம் வெளியே பார்த்து. மழையும் இல்லை இன்று.

துடைக்கவில்லை. தானாகக் காயட்டும்.