ஒட்டாத உறை

ராஜா அண்ணாமலைபுரம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள ரஞ்சனிக்கு, அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், ரத்த அழுத்தம் மட்டும் பழைய கதைதான். உன் நலத்தை மாப்பிள்ளை அனுப்பும் செய்தியில் பார்த்துக்கொள்கிறேன். முப்பதாவது வாரத்திலேயே வலி கண்டு டொராண்டோ ஆஸ்பத்திரியில் உன்னை இரண்டு நாள் வைத்திருந்ததையும், அதற்கு முந்தின நாள் நான் போனில் பேசியதையும் ஒரே செய்தியில் எழுதியிருந்தார். குற்றம் சொல்லவில்லை, தேதிகளை மட்டும் போட்டிருந்தார், கெட்டிக்காரர். பிரசவத்துக்கு உன் அம்மா வந்தால் நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டேன் என்று கத்தியது நான்தான், மறுக்கவில்லை.

மன உளைச்சல் கூடாது என்று உன் டாக்டர் சொன்னாராமே, அதைப் பற்றிப் படித்தேன். முப்பது வருஷம் வேதியியல் நடத்தியவனுக்குப் புரியாத விஷயமில்லை. தாய் அலைக்கழியும்போது கார்டிசால் என்ற ஹார்மோன் ஏறுகிறது, அது ஏறினால் நச்சுக்கொடி பிரசவத்தைத் தூண்டும் இன்னொரு ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறது, சிலருக்கு நாள் முந்திவிடுகிறது. சிலருக்குத்தான். அது ஒன்றே காரணம் என்று யாரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை, அதனால் நீ உன்னையே நொந்துகொள்ளாதே. நீயும் முப்பத்து மூன்றாவது வாரத்தில் பிறந்தவள். எட்டாம் மாதத்திலும் பஸ் பிடித்து வேலைக்கு ஓடினாள், அதனால்தான் என்று உன் அம்மாவைப் பற்றி ஊரெல்லாம் சொன்னேன், உன்னிடமும் சொன்னேன். அந்த மாதம் முழுக்கச் சாயங்காலமானால் அந்த வீட்டில் கத்திக்கொண்டிருந்தது யார் என்பதை மட்டும் சொன்னதில்லை. ஆதாரமில்லாமல் எழுதுகிற மாணவனுக்கு நான் மதிப்பெண் போட்டதில்லை, எனக்கு நானே போட்டுக்கொண்டேன்.

நேற்று அடையாறு போய் உன் அம்மாவைப் பார்த்தேன், பிரிந்து ஒன்பது வருஷத்துக்குப் பிறகு. வாசலிலேயே நிற்க வைத்தாள். வழி கேட்டு வந்தீங்களா, இல்ல வழியிலேயும் யாரோடயாவது சண்டையா என்றாள். அந்த வாய் கொஞ்சமும் குறையவில்லை. என் டொராண்டோ டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன், நீ போ என்றேன். வியாழக்கிழமை கிளம்புகிறாள். மற்றதையெல்லாம் நான் மன்னித்துவிட்டதாக இருவரும் நினைக்க வேண்டாம். நார்த்தங்காய் கொடுத்தனுப்புகிறேன், உப்பு அதிகம், அளவாகத் தொட்டுக்கொள். வலியோ நீர்க்கசிவோ இருந்தால் யாரையும் கேட்டுக்கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்குப் போ. முப்பத்தேழு வாரம் முடியும்வரை நான் போன் செய்ய மாட்டேன்.

நாள் நிறைந்து பெற்றெடு, தாயும் சேயும் நன்றாக இருங்கள். இதை உன் அம்மா கையில்தான் கொடுக்கப்போகிறேன். அடுத்தவர் கடிதத்தை எடுத்துப் படிப்பவள் என்பது அவள்மேல் எனக்குள்ள பழைய புகார். உறையை ஒட்டவில்லை, இந்த முறை படிக்கட்டும்.

இப்படிக்கு,
அப்பா